பால் பைத்தான் குட்டிக்கு வீடு அமைப்பது எப்படி? பாம்பு வருவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்

சனிக்கிழமை மதியம் பாம்பையும் பெட்டியையும் ஒன்றாக வாங்கி வருவார்கள். சாயங்காலம் பெட்டியை மாட்டி, பாம்பை உள்ளே விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் வரும்: "அண்ணா, சூடு நாற்பது காட்டுது, பாம்பு கண்ணாடியில் முட்டிக்கொண்டே இருக்கு, என்ன செய்ய?" லண்டனில் தெரிந்தவர்கள் பலருக்குப் பெட்டி அமைக்க உதவியிருக்கிறேன். சிக்கல் பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான் தொடங்குகிறது. பாம்பு வருவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே பெட்டி முழுச் சூட்டில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

இங்கே சொல்வது பால் (ball, பந்து) பைத்தான் குட்டிக்கு. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்ளும் மேற்கு ஆப்பிரிக்க மலைப்பாம்பு இது. பிரிட்டன் கடைகளில் ராயல் பைத்தான் என்பார்கள். பொரித்த குட்டி ஏறத்தாழ ஓர் அடி நீளம், 50 முதல் 80 கிராம் எடை இருக்கும். வளர்ந்தால் மூன்றிலிருந்து ஐந்து அடி. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது முப்பது ஆண்டுகள் உங்களோடு இருக்கும்.

1. முதலில் சட்டம்

நீங்கள் இருக்கும் நாட்டில் வளர்க்க அனுமதி உண்டா என்று பார்த்த பிறகே பணம் செலவழியுங்கள். பிரிட்டனில் பால் பைத்தானுக்கு உரிமம் தேவையில்லை. 16 வயதுக்குக் குறைந்தவருக்கு மட்டும் விற்கக் கூடாது. சிங்கப்பூரில் பாம்பு வளர்க்கவே அனுமதியில்லை.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். நம் ஊர் மலைப்பாம்பு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. குட்டியாக வயலில் கிடைத்தாலும் அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம், வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டு இனமான பால் பைத்தான், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் வருவதால், 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் அதைப் பதிவு செய்ய வேண்டும். காகிதம் இல்லாமல் விற்கிறவரிடம் வாங்காதீர்கள். அந்தக் குட்டி கடத்தி வந்ததாக இருக்கலாம்.

2. பெட்டியின் அளவு

குட்டிக்கு 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 30 முதல் 45 செ.மீ. உயரம் போதும். வளர்ந்த பாம்புக்கு 120 × 60 × 60 செ.மீ. வேண்டும்.

நேராகப் பெரிய பெட்டியே வாங்கினால் என்ன? வாங்கலாம், தவறில்லை. பெரிய இடத்தைக் கண்டு குட்டி பயப்படும் என்று சொல்வார்கள். உண்மையில் அது பயப்படுவது வெட்டவெளியைக் கண்டுதான். காட்டில் எலி வளையிலும் கரையான் புற்றிலும் பகலைக் கழிக்கும் உயிர் அது. பெரிய பெட்டியானாலும் அடர்த்தியாக மறைவுகள் இருந்தால் நிம்மதியாக இருக்கும். ஆனால் முதல்முறை வளர்ப்பவருக்கு நான் சின்னப் பெட்டியைத்தான் சொல்வேன். சூட்டையும் ஈரத்தையும் அதில் பிடித்து வைப்பது எளிது, குட்டி எங்கே இருக்கிறது என்றும் தெரியும்.

முன்பக்கம் திறக்கும் மரப்பெட்டியோ பிவிசி பெட்டியோ வாங்குங்கள். மீன்தொட்டி வேண்டாம். மேலே வலை மூடி போட்டால் சூடும் ஈரமும் அதன் வழியே போய்விடும். கையை மேலிருந்து இறக்கினால் பருந்து இறங்குவதாகவே குட்டி எடுத்துக்கொள்ளும். பக்கவாட்டில் வரும் கையை அது சீக்கிரம் பழகும்.

3. இடுக்குகளை அடைப்பது

மற்ற எல்லா வேலைக்கும் முந்தியது இது. காரணம் சிலிகான். மரப்பெட்டியின் உள்மூலைகளில் மீன்தொட்டிக்கான சிலிகான் பூசாவிட்டால், ஈரம் பலகைக்குள் இறங்கி ஆறு மாதத்தில் பலகை ஊதிவிடும். பூசிய சிலிகான் காயும்வரை காடி வாடை அடிக்கும். அந்த வாடை முற்றிலும் போக நாலைந்து நாளாவது விடுங்கள். பாம்பு வந்த பிறகு இந்த வேலையைச் செய்யவே முடியாது.

காய்ந்ததும் இடுக்கு தேடுங்கள். தலை நுழைகிற இடத்தில் உடம்பும் நுழையும், குட்டியின் தலையோ உங்கள் சுண்டுவிரல் நுனி அளவுதான். காற்றுத் துளைகளின் மூடி இறுக்கமாக இருக்கிறதா, வயர் போகும் ஓட்டையில் மிச்ச இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நகரும் கண்ணாடிக் கதவென்றால் இரண்டு கண்ணாடியும் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடைவெளிதான் பலருக்கும் தெரியாத வழி. அங்கே செருகும் ரப்பர் ஆப்பு கடைகளில் கிடைக்கும். பூட்டும் போடுங்கள். கதவை மூக்கால் தள்ளித் திறக்கப் பாம்புக்கு ஒரு இரவு முழுக்க நேரம் இருக்கிறது.

பெட்டியை ஜன்னல் வெயில் படாத, ரேடியேட்டரை ஒட்டாத, டிவி ஸ்பீக்கர் அதிராத சுவரோரமாக வையுங்கள். வெயில் பட்டால், சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவியான தெர்மோஸ்டாட்டால் ஒன்றும் செய்ய முடியாது. அது ஹீட்டரை அணைக்கும், சூரியனை அணைக்காது.

4. சூடு

வழிகாட்டியின் நடுநாயகம் இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்குவதில்லை. தின்றதைச் செரிக்கச் சூடான பக்கம் போகும், சூடு போதுமென்றால் குளிர்ந்த பக்கம் வரும். அதனால் பெட்டி முழுவதும் ஒரே சூடு கூடாது. நீளவாக்கில் ஒரு முனையில் மட்டும் ஹீட்டரை மாட்டினால் மறுமுனை தானாகவே குளிர்ந்திருக்கும்.

வேண்டிய அளவுகள்: சூடான பக்கத்தில் பாம்பு படுக்கும் இடம் 32 முதல் 33 டிகிரி செல்சியஸ். குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. இரவில் எந்த மூலையும் 24க்குக் கீழே போகாமல் இருந்தால் நல்லது. 35ஐத் தாண்ட விடவே கூடாது.

சூட்டை மேலிருந்து கொடுங்கள். செராமிக் ஹீட்டர் அல்லது டீப் ஹீட் புரொஜெக்டர், இரண்டுமே வெளிச்சம் தராமல் சூடு தருபவை, இரவிலும் ஓட்டலாம். இந்த அளவுப் பெட்டிக்கு 50, 60 வாட் போதும். ஹோல்டர் பீங்கானாக இருக்கட்டும், பிளாஸ்டிக் உருகும். சுற்றிலும் கம்பிக்கூடு கட்டாயம். பாம்பு சூடான பொருளின் மேல் ஏறிச் சுற்றிக்கொள்ளும்; தோல் வெந்தால்கூட உடனே விலகாது. வயிற்றுச் செதில்கள் பழுப்பாகிக் கருகியிருந்த ஒரு குட்டியை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். நான்கு முறை சட்டை உரித்த பிறகும் தழும்பு போகவில்லை.

அடியில் வைக்கும் ஹீட் மேட் மலிவு, அதனால் பலரும் அதையே வாங்குகிறார்கள். அதன் மேல் மூன்று விரற்கடை மண் போட்டால் சூடு மேலே வராது, அடியிலேயே தேங்கும். பாம்பு தோண்டிக்கொண்டு போய் நேராக அதன் மேலேயே படுக்கும். சிவப்பு பல்பும் வேண்டாம். இரவில் வெளிச்சம் எந்த நிறமானாலும் வெளிச்சம்தான்.

எந்த ஹீட்டரானாலும் தெர்மோஸ்டாட் இல்லாமல் பிளக்கைச் செருகாதீர்கள். செராமிக்குக்கு மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும் பல்ஸ் வகை, வெளிச்சம் தரும் பல்புக்கு மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் வகை. டிம்மிங் வகை செராமிக்குக்கும் ஒத்துவரும்.

அடுத்து ப்ரோப், அதாவது தெர்மோஸ்டாட்டின் வயர் முனையில் இருக்கும் உணர்வான். ஹீட்டருக்கு நேர் கீழே, பாம்பு சுருண்டால் அதன் முதுகு வரும் உயரத்தில் இது இருக்க வேண்டும். சுவரில் வயர் கிளிப் வைத்து ஆணியடித்து நிறுத்துங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். முதல் வருடம் ப்ரோப்பை டேப்பால் ஒட்டியிருந்தேன். ஈரத்தில் டேப் விட்டு, ப்ரோப் நழுவித் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் விழுந்துவிட்டது. தண்ணீர் 24 டிகிரி. தெர்மோஸ்டாட்டுக்குத் தெரிந்தது அந்த 24 மட்டுமே. பெட்டி குளிர்ந்துவிட்டது என்று ஹீட்டரை முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டே இருந்தது. வேலை முடிந்து வந்தபோது சூடான பக்கம் 41. குட்டி எதிர்மூலைக் கண்ணாடியில் வயிற்றை ஒட்டி நீண்டு கிடந்தது. பிழைத்தது, ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாதம் இரை எடுக்கவில்லை.

டேப்புக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. பெட்டிக்குள் எந்த டேப்பும் இருக்கக் கூடாது. விட்டுப்போன ஓரத்தில் குட்டி உரசினால் செதிலோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் தோல் கிழியும். ஒட்டிவிட்டால் சமையல் எண்ணெய் தடவி, பத்து நிமிடம் ஊறவிட்டு, செதில் படிந்திருக்கும் திசையில், தலையிலிருந்து வால் பக்கமாக மெல்ல நகர்த்தி எடுங்கள்.

5. அளக்கும் கருவிகள்

தெர்மோஸ்டாட்டின் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அது ப்ரோப் இருக்கும் புள்ளியை மட்டுமே சொல்கிறது. இரண்டு டிஜிட்டல் வெப்பமானிகளை, சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்றாக, தரைமட்டத்தில் வையுங்கள். ஈரப்பதமும் காட்டி, கூடுதல் குறைவு அளவை நினைவில் வைக்கும் வகை நல்லது. நீங்கள் தூங்கும்போது என்ன நடந்தது என்று காலையில் சொல்லிவிடும். கடிகாரம்போல் முள் வைத்த, சுவரில் ஒட்டும் வகை வேண்டாம். அதை ஒட்டுவது சுவரின் மேல்பாதியில், பாம்பு இருப்பதோ தரையில். கூடவே பரப்பை அளக்கும் அகச்சிவப்புத் துப்பாக்கி ஒன்று இருந்தால் மறைவிடத்தின் தரையை நேராகப் பார்த்துவிடலாம்.

6. தரையும் ஈரமும்

தென்னை நார்க்கழிவும் தேங்காய் மட்டைத் துண்டுகளும் கலந்து 5 முதல் 8 செ.மீ. ஆழம் போடுங்கள். ஈரத்தைப் பிடித்து வைக்கும், பூஞ்சை சீக்கிரம் வராது. பைன், செடார் மரத்தூள் கூடாது. அதன் எண்ணெய் நுரையீரலைக் கெடுக்கும். மணலும் வேண்டாம்.

ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதம். சட்டை உரிக்கும் நாட்களில் கொஞ்சம் கூடினால் நல்லது. புதியவர்கள் நாளுக்கு மூன்று முறை ஸ்ப்ரே அடிப்பார்கள். அடித்த அரைமணி நேரம் எண்பது, அப்புறம் நாற்பது. மேல்பரப்பு எந்நேரமும் நசநசவென்று இருந்தால் வயிற்றுச் செதில் அழுகும். அதற்குப் பதில் ஒரு டம்ளர் தண்ணீரை நான்கு மூலைகளிலும் பங்கிட்டு ஊற்றுங்கள். தண்ணீர் அடிக்குப் போய்ப் பரவும், மேலே காய்ந்திருக்கும், ஈரம் மெல்ல மேலெழும். ஒரு பிடி அள்ளி அழுத்திப் பாருங்கள்: உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் வடியக் கூடாது. புட்டுக்கு மாவு பிசறுகிற பதம்.

லண்டன் குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டிங் காற்றை உலர்த்திவிடும். நவம்பரில் ஊற்றும் தண்ணீர் ஜூலையைவிட இரண்டு மடங்கு தேவைப்படும்.

7. மறைவிடங்கள்

சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி, ஒரே அளவு. ஏன் ஒரே மாதிரி? ஒன்று வசதியாகவும் மற்றது வசதிக் குறைவாகவும் இருந்தால், சூடு தேவைப்பட்டாலும் பாம்பு வசதியானதை விட்டு வராது. பாதுகாப்பா, சூடா என்று வந்தால் குட்டி பாதுகாப்பைத்தான் எடுக்கும். பிறகு தின்றது செரிக்காமல் கக்கும். "இரை எடுத்தது, மூன்றாம் நாள் கக்கிவிட்டது" என்று சொல்பவர் வீட்டில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அளவு இறுக்கமாக இருக்க வேண்டும். குட்டி சுருண்டு படுத்தால் அதன் முதுகும் பக்கங்களும் சுவரைத் தொட வேண்டும். ஒரு குட்டிக்கு நான் வைத்தது, தயிர் வாங்கிய பிளாஸ்டிக் டப்பா இரண்டு. கவிழ்த்து, ஓரத்தில் கட்டைவிரல் பருமனுக்கு அரைவட்டம் வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கினேன். உள்ளே வெளிச்சம் வராமல் கறுப்புத் தாள் சுற்றி நூலால் கட்டினேன். கடையில் வாங்கிய பெரிய குகையில் ஒருநாளும் படுக்காத குட்டி, அன்று இரவே டப்பாவுக்குள் போய்ச் சுருண்டது. வாசலைப் பின்சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள்.

மூன்றாவதாக, நடுவில் ஈரப் பாசி நிரப்பிய ஒரு டப்பா வையுங்கள். சட்டை உரிக்கும் நாட்களில் அதற்குள் போய்க்கொள்ளும்.

இந்த மூன்றுக்கும் நடுவே வெட்டவெளி விடாதீர்கள். கார்க் மரப்பட்டை, பிளாஸ்டிக் இலைக்கொடி, காய்ந்த இலைச்சருகு என்று நிரப்புங்கள். முன்கண்ணாடி தவிர மற்ற பக்கம் எதுவும் கண்ணாடியாக இருந்தால் வெளியே தாள் ஒட்டி மறையுங்கள். எல்லாம் வைத்த பிறகு எதிரே நின்று பார்த்தால் தரையில் பாதிக்கு மேல் உங்கள் கண்ணுக்குத் தெரியக் கூடாது. "அப்புறம் பாம்பை எப்படிப் பார்ப்பது?" என்று குழந்தைகள் கேட்பார்கள். இருட்டிய பிறகு அது தானாக வெளியே வரும்.

8. தண்ணீர்க் கிண்ணம்

கவிழாத கனமான பீங்கான் கிண்ணம், குளிர்ந்த பக்கத்தில். ஈரப்பதம் குறைந்தால் அதைச் சூடான பக்கமாக ஒரு சாண் நகர்த்திப் பாருங்கள், ஏறும். தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். ஊர்வனவற்றில் சால்மொனெல்லா கிருமி இருக்கும்.

9. வெறும் பெட்டியை ஒரு வாரம் ஓட்டுவது

எல்லோரும் தாண்டிக் குதிக்கும் படி இது. ஏழு நாள், காலை, மாலை, படுக்கப் போகுமுன் என மூன்று வேளை அளவுகளை ஒரு தாளில் எழுதுங்கள். முதல் இரண்டு நாள் எண்கள் அலையும். நார்க்கழிவும் பலகையும் சூட்டை வாங்கி நிலைக்க நேரம் எடுக்கும். மூன்றாம் நாளிலிருந்து மாற்றம் செய்யுங்கள், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். தெர்மோஸ்டாட்டை ஒரு டிகிரி ஏற்றினால் மறுநாள்வரை காத்திருங்கள். ஹீட்டரையும் மாற்றி மறைவிடத்தையும் நகர்த்தினால் எது என்ன செய்தது என்று தெரியாது.

விளக்கு வைத்தால் டைமரில் போட்டு 12 மணி நேரம் எரியவிடுங்கள். தொடர்ந்து மூன்று நாள் எண்கள் நிலையாக நின்ற பிறகு விற்பவருக்குப் போன் செய்து வரும் நாளைச் சொல்லலாம். போனில் இன்னொன்றும் கேளுங்கள்: அவரிடம் குட்டி கடைசியாக எப்போது, என்ன இரை, உயிரோடா உறையவைத்ததா தின்றது? மூன்று முறையாவது தானாகத் தின்றிருக்கிற குட்டியை மட்டும் வாங்குங்கள்.

10. வரும் நாளும் முதல் வாரமும்

எடை பாருங்கள், எழுதுங்கள். தாடைக்கடியிலும் கண்ணோரத்திலும் கறுப்பு மிளகுத் துகள்போல ஏதாவது நகர்ந்தால் அது உண்ணி. வீட்டில் வேறு பாம்பு இருந்தால் புதியதை வேறு அறையில் வைத்து, முதல் ஒன்றிரண்டு மாதம் நார்க்கழிவுக்குப் பதில் வெள்ளைத் தாள் விரியுங்கள். வெள்ளையில் உண்ணி பளிச்சென்று தெரியும். தாள் ஈரத்தைப் பிடிக்காது என்பதால் பாசி டப்பா கட்டாயம் இருக்கட்டும்.

பிறகு ஒரு மறைவிடத்தின் வாசலில் விடுங்கள், கதவைப் பூட்டுங்கள், விளக்கை அணையுங்கள். ஒரு வாரம் தண்ணீர் மாற்றவும் அசுத்தம் எடுக்கவும் தவிரக் கை போட வேண்டாம். சொந்தக்காரர்கள் பார்க்க வந்தாலும் எடுத்துக் காட்டாதீர்கள்.

எட்டாம் நாள் இருட்டும் நேரத்தில் முதல் இரை. எடையில் 10 முதல் 15 சதவீதம். 60 கிராம் குட்டிக்கு 6 முதல் 9 கிராம் சுண்டெலி. உறைந்த எலியை இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து, அப்புறம் பையில் போட்டு வெந்நீரில் 38 டிகிரி வரை சூடாக்கி, நீண்ட இடுக்கியால் நீட்டுங்கள். மைக்ரோவேவ் கூடாது, எலியின் வயிறு வெடிக்கும். தின்ற பிறகு இரண்டு நாள் தொடாதீர்கள்.

தின்னவில்லையா? இரையை எடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி கொடுங்கள். பால் பைத்தான் இரை மறுப்பதில் பேர்போனது. அந்தப் பதற்றத்தில் பெட்டியைக் கலைத்து மாற்றி அடுக்கினால் அதன் பயம் முதலிலிருந்து தொடங்கும். வாராவாரம் எடை பாருங்கள். வந்த நாள் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

11. பாம்பு சொல்வதைப் படிப்பது

நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடந்தால் பெட்டி அதிகச் சூடு, அல்லது உண்ணி. சூடான பக்கத்தை விட்டு அசையவே இல்லை என்றால் குளிர்ந்த பக்கம் மிகக் குளிர்ந்திருக்கிறது. கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் முதலில் சூட்டைப் பாருங்கள், அடுத்து மறைவைக் கூட்டுங்கள்.

கண் பால்போல் மங்கினால் சட்டை உரிக்கப் போகிறது. இரை வேண்டாம், தொட வேண்டாம். உரித்த சட்டை தலை முதல் வால்வரை ஒரே துண்டாக, காலுறையைக் கழற்றியதுபோல் உள்வெளியாக வர வேண்டும். விரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடிய செதில் இரண்டும் கண்ணாடி வில்லைபோல் அந்தச் சட்டையில் தெரியும். அவை இல்லாவிட்டால் கண்ணிலேயே தங்கிவிட்டன. பிய்க்காதீர்கள். ஈரத்தைக் கூட்டி அடுத்த உரிப்பு வரை விடுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் மருத்துவர். வாயோரம் நுரையோ, மூச்சில் விசில் சத்தமோ கேட்டால் காத்திருக்கவே வேண்டாம், அன்றே காட்டுங்கள்.

12. அடுத்த பெட்டி

நீட்டிப் படுத்தால் பெட்டி நீளத்தைப் பாம்பு எட்டுகிறது என்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது. புதுப் பெட்டியையும் இதே வரிசையில், சிலிகானிலிருந்து ஆரம்பித்து, ஒரு வாரம் வெறுமையாக ஓட்டுங்கள். மாற்றும் நாளில் பழைய மறைவிடங்களையும் இரண்டு பிடி பழைய நார்க்கழிவையும் கழுவாமல் அப்படியே கொண்டுபோய் வையுங்கள். இடம் புதிதானாலும் வாசனை பழையதாக இருக்கும். பெரிய மறைவிடங்களை முதல் நாளே பக்கத்தில் வைத்துவிட்டு, பாம்பு தானாக அவற்றில் படுக்கத் தொடங்கிய பிறகு சின்ன டப்பாக்களை எடுத்துவிடலாம்.